முப்பத்திரண்டு நொடிப் பாட்டு

ஆடிஷனுக்குப் போக வேண்டும் என்று சின்ன மகள் சொன்னபோது அவளுக்கு ஒன்பது வயது முடிந்து இரண்டு மாதம். பாட்டும் நடிப்பும் ஆட்டமும் சேர்ந்த மேடை நாடகம், மியூசிக்கல் என்கிறார்களே, அதற்கு. எனக்குச் சங்கீதம் தெரியாது. மேடை அனுபவம் என்று பார்த்தால் பள்ளி ஆண்டுவிழாவில் திரைச்சீலை இழுத்ததோடு சரி. அதனாலோ என்னவோ, அவளைத் தயார் செய்யும் வேலை முழுவதையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அறிவிப்பு ஒரு பக்கம்கூட இல்லை. வயது 8 முதல் 12. உயரம் 140 செ.மீ.க்குள். ஏதாவது ஒரு பாட்டிலிருந்து 16 பார், மனப்பாடமாக. பியானோ வாசிக்க ஆள் இருப்பார், இசைத்தாள் கொண்டுவரவும். பிறகு குழுவாக ஆட்டம். வசனம் அங்கேயே தரப்படும். இதில் எனக்கு உடனே புரிந்தவை வயதும் உயரமும்தான். அறைக்கதவின் நிலையில் அவளைச் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 131.5. விண்ணப்பத்தில் அந்த அரை சென்டிமீட்டரையும் விடாமல் எழுதினேன்.

பார் என்பது இசைத்தாளில் இரண்டு நெட்டுக்கோடுகளுக்கு நடுவே அடைபட்ட தாளத்துண்டு என்று அவளுடைய பாட்டு டீச்சர் விளக்கினார். பெரும்பாலான பாட்டுகளில் ஒரு பாருக்கு நான்கு தட்டு. 16 பார் என்றால் 64 தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற ஓட்டத்தில் பாடினால் 32 நொடியில் முடிந்துவிடும். நான் கைபேசியில் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். தும்மி, மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் போய்விடும் நேரம். இதற்கா மூன்று வாரம் இருக்கிறது என்று தெம்பாக இருந்தது.

முதல் தப்பு பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே. எனக்குப் பிடித்த பாட்டை எடுத்தேன். ஒரு பெண் தன் வாழ்நாள் இழப்பையெல்லாம் நினைத்துக் கலங்குகிற பாட்டு. கடைசியில் மேலே ஏறி நெடுநேரம் நிற்கிற ஒரு சுரம் உண்டு. அந்தச் சுரத்தை அவள் தொட்டுவிட்டால் அறையே எழுந்து நிற்கும் என்று கற்பனை. டீச்சர் இரண்டு வரி கேட்டுவிட்டு, "இவளுக்கு என்ன இழப்பு வந்துச்சு சார், பென்சில் பாக்ஸ் தொலைஞ்சதா?" என்றார். அப்புறம் சிரிக்காமல் சொன்னது அந்த உச்சி சுரத்தைப் பற்றி. குழந்தை அதை நெஞ்சுக்குரலிலேயே தள்ளிக்கொண்டு போய் எட்டுகிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது பாருங்கள் என்றார். குரல் நாண்களின் உள்ளடுக்குகள் வளர்பருவம் முடிகிற சமயத்தில்தான் முழுதாக அமையுமாம். ஒன்பது வயதில் பெரியவர்கள் மாதிரி அழுத்திக் கத்திப் பாடினால் தொண்டை கட்டும், அதையே பழக்கமாக்கினால் நாண்களில் காய்ப்புக்கூட வரும். உட்கார்ந்து கதை சொல்கிற குரலில் எந்தச் சுரம் வரை வசதியாக ஏறுகிறதோ அதுவே எல்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசியில் அமைந்தது, ஒரு சிறுமி தனக்கு வேண்டியதைக் கேட்டு அடம்பிடிக்கிற பாட்டு. அடம்பிடிப்பது அவளுக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை. யாரிடம் கேட்கிறாள், என்ன கேட்கிறாள், கிடைக்காது என்று எந்த வரியில் தெரிகிறது என்று டீச்சர் கேட்டுக்கொண்டே போக, அவள் ஒவ்வொன்றுக்கும் பட்பட்டென்று பதில் சொன்னாள். கேட்பது பாட்டியிடமாம். "ஏன்னா அம்மாகிட்ட கேட்டா முதல் வரியிலயே பாட்டு முடிஞ்சிடும்" என்றாள்.

அடுத்தது வெட்டு. முதல் 16 பாரைப் பாடினால் போதும் என்று நினைத்திருந்தேன். முதல் பாதியில் பாட்டு இன்னும் வாசலில் செருப்பைத்தான் கழற்றிக்கொண்டிருக்கும் என்றார் டீச்சர். நிறையப் பேர் பாட்டின் கடைசி 16 பாரையே எடுப்பது அதனால்தான். அங்கேதான் விஷயம் முற்றி முடிகிறது. எங்களுக்கு முதல் நான்கு வரியும் வேண்டும், முடிவும் வேண்டும். அதற்கு டீச்சர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இசைத்தாளை நகலெடுத்து, வேண்டாத பார்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை வெள்ளைத்தாளில் வரிசையாக ஒட்டி, ஒட்டுப்போட்ட இடம் தெரியாதபடி மறுபடி ஒரு நகல் எடுத்தார். தொடங்கும் இடத்தில் ஒரு கோடு, முடியும் இடத்தில் இரண்டு கோடு, மேலே இடது மூலையில் வேகம். இரண்டு பக்கமாக வந்ததை எதிரெதிரே வரும்படி ரிங் ஃபைலில் போட்டார், பக்கம் திருப்பும் வேலையே இல்லாமல். ஃபைல் உறையும் பளபளப்பில்லாத வகையாக இருக்க வேண்டுமாம். மேலே விளக்கு இருந்தால் வழவழ உறையில் வெளிச்சம் பட்டு அடித்து, வாசிப்பவருக்குப் பாதிச் சுரம் தெரியாமல் போகும்.

அந்தப் பியானோக்காரர் நம் பாட்டை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே வாசிக்கிறார் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. எந்தச் சுருதியில் பாடப்போகிறோமோ அந்தச் சுருதியில்தான் தாள் இருக்க வேண்டும். "கொஞ்சம் இறக்கி வாசிங்க" என்று அங்கே போய்க் கேட்பது, ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றச் சொல்வதற்குச் சமம். அச்சில் இருந்த சுருதி பெரியவர்களுக்கானது. அதை மாற்றி அச்செடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது வாரத்தில்தான் நான் உச்சத்துக்குப் போனேன். தினமும் மாலை அவள் பாடும்போது எதிரே நின்று, அவளுக்கு முன்னால் உதட்டை அசைத்து, கையை வீசி, புருவத்தை ஏற்றி நானே பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. வகுப்பில் அவள் "எனக்கு" என்ற சொல் வந்தபோதெல்லாம் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள், "மேலே" என்றபோது விரலைக் கூரைக்கு நீட்டினாள், கடைசி வரியில் ஒரு கால் முன்னே வைத்து லேசாகக் குனிந்தாள். டீச்சர் பாட்டை நிறுத்தி, "இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். சின்னவள் என்னைப் பார்க்காமலேயே கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். அந்தக் கைநீட்டல் மட்டும் இயல்பாக இருந்தது.

"சார், நீங்க தினமும் சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் வாக்கிங் போங்களேன். உடம்புக்கும் நல்லது" என்றார் டீச்சர். போனேன்.

என் மனைவியின் தங்கைக்குக் கீபோர்டு ஓரளவு வரும். ஆடிஷனுக்கு எட்டு நாள் முன்பு, வீட்டுக்கூடத்தில் ஒரு ஒத்திகை ஆடிஷன் வைத்தோம். மேசைக்குப் பின்னால் மனைவியும் பெரியவளும் நடுவர்கள். சித்தி கீபோர்டில். நான் கதவு திறப்பவன். சின்னவள் உள்ளே வந்தாள், ஃபைலைக் கொடுத்தாள். சித்தி ஒன்றும் தெரியாதவர் போல, "எந்த வேகத்துல போகணும்மா?" என்று கேட்டார். அவள் சித்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாட்டை நூறு தடவை பாடியிருப்பாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதே இல்லை.

அன்றிலிருந்து பாட்டை விட்டோம், பாட்டுக்கு முன்னால் இருக்கிற பதினைந்து நொடியைப் பிடித்துக்கொண்டோம். உள்ளே வருவது. ஃபைலைத் திறந்த பக்கத்தோடு வைப்பது. "இங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன், இங்கே முடியுது" என்று விரலால் காட்டுவது. முதல் வரியை அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே தன் தொடையில் தட்டிக் காட்டுவது, அதுதான் வேகம். முன்னால் இரண்டு பார் வாசியுங்கள் என்று சொல்வது. நன்றி சொல்வது. வேகம் காட்ட விரலைச் சொடுக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலைக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்குமாம். அப்புறம் அறையின் நடுவுக்கு நடந்து, நின்று, பெயர், வயது, பாடப்போவது என்ன என்று மூன்றே செய்தி. அவளுக்குத் தன் பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. பெயரின் பின்பாதியை விழுங்கிவிட்டு அடுத்த வார்த்தைக்கு ஓடிவிடுவாள். வீட்டில் யார் அறைக்குள் வந்தாலும் நின்று பெயர் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று பெரியவள் ஒரு சட்டம் போட்டாள். நான்கு நாள் நானும் என் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் கூடத்துக்குள் வந்துபோனேன்.

தப்பு நடந்தால் என்ன செய்வது என்பதை விளையாட்டாக்கினோம். அவள் பாடும்போது நாங்கள் இருமுவோம், நாற்காலியை இழுப்போம், பெரியவள் பென்சிலை உருட்டி விடுவாள், சித்தி வேண்டுமென்றே ஓட ஓட வாசிப்பார். நிற்காமல் முடித்தால் அவளுக்கு ஒரு புள்ளி. வரி மறந்தால் வாயில் வந்ததைப் போட்டு நிரப்ப வேண்டும். ஒருநாள் மூன்று வரி முழுக்கத் தன் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பாடித் தாளம் தப்பாமல் முடித்தாள். ஒரேயடியாக நின்றுபோனால் "மறுபடி ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கலாம். அதைக் கேட்பது குற்றமில்லை என்று தெரிந்ததும் முகமே தெளிந்துவிட்டது. நடுவர்களின் கண்ணை முறைத்துக்கொண்டு பாடினால் அவர்களுக்குச் சங்கடம். அவர்கள் தலைக்குச் சற்று மேலே பாட்டி நிற்பதாக வைத்துக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு அவளிடம் முறையான பயிற்சி எதுவும் இல்லை. குழுவாக நிறுத்தி, எட்டு எட்டு எண்ணிக்கையாகச் சின்னதொரு அடவுக்கோவையைச் சொல்லிக்கொடுத்து உடனே ஆட வைப்பார்கள். காலை எவ்வளவு உயரம் தூக்குகிறாள் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள், தப்பான பக்கம் திரும்பிவிட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்பதைத்தான் பார்ப்பார்களாம். தினமும் பெரியவள் ஏதாவது எட்டு எண்ணிக்கை ஆடிக் காட்டுவாள், இவள் இரண்டே முறை பார்த்துவிட்டு ஆட வேண்டும். ஒருநாள் நானும் சேர்ந்து ஆடினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வாக்கிங் போகவில்லை.

வசனத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரவில் கையில் கிடைத்த புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாள், தாளை மார்பளவில் பிடித்துக்கொண்டு, வாக்கியம் முடிகிறபோது நிமிர்ந்து. தாள் முகத்தை மறைக்காமல் இருந்தால் போதும்.

இதற்கிடையில் உயரத்தைப் பற்றி நான் அளவுக்குமேல் கவலைப்பட ஆரம்பித்திருந்தேன். நாடகத்தில் அவளுக்குப் பொருத்தமாகத் தெரிந்த பாத்திரத்துக்கு ஒரு அண்ணன் உண்டு. அண்ணனாக வருகிற பையன் இவளைவிடக் குட்டையாக இருந்துவிட்டால்? குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதில் நாம் கையை வைக்க முடியாத சமாச்சாரங்கள் நிறைய. உடன்பிறப்பாக நிற்பவர்களின் உயர வரிசை, அம்மாவாக நடிப்பவரின் ஜாடை, ஒத்திகை முடிவதற்குள் குரல் உடைந்துவிடுமோ என்ற பயம். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அமெரிக்காவில் மேடை நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருதின் 2009-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அந்த வருடம் மியூசிக்கலில் சிறந்த நடிகருக்கான விருதை மூன்று சிறுவர்கள் சேர்ந்து வாங்கினார்கள். 'பில்லி எலியட்' நாடகத்தில் பில்லியாக மூவரும் முறைவைத்து நடித்தார்கள். வாரத்துக்கு எட்டுக் காட்சி, ஆடியும் பாடியும் ஒரே பையன் தாங்க முடியாது. அதோடு சட்டமும் இருக்கிறது. உதாரணத்துக்கு, பிரிட்டனில் பள்ளி வயதுக் குழந்தை தொழில்முறை மேடையில் நடிக்க உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை, நடுவே எவ்வளவு ஓய்வு என்பதற்கெல்லாம் விதி உண்டு. அங்கே மேடை நாடகங்களுக்குக் கொடுக்கிற ஒலிவியே விருதை 2012-இல் 'மெட்டில்டா' நாடகத்தில் மெட்டில்டாவாக நடித்த நான்கு சிறுமிகள் பகிர்ந்துகொண்டார்கள். இவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விருதை யார் வீட்டுல வச்சுக்குவாங்க?" என்று கேட்டாள். ஆளுக்கு ஒன்று கொடுத்திருப்பார்கள் என்று சமாளித்தேன்.

ஒரு விஷயத்தைப் பெற்றோருக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆடிஷனில் தேர்வாக வேண்டுமென்றால் எங்களிடமே பணம் கட்டிப் புகைப்படம் எடுக்க வேண்டும், எங்கள் வகுப்பில் சேர வேண்டும் என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். உள்ளே நம்மை விடமாட்டார்கள் என்பது சரி. ஆனால் குழந்தையோடு உள்ளே யார் யார் இருப்பார்கள், எத்தனை பேர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. முறையாக நடத்துபவர்கள் பதில் சொல்வார்கள்.

முந்தைய நாள் பாடவே கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். தண்ணீர் மட்டும் அன்று முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக. குடிக்கிற தண்ணீர் குரல் நாண்கள்மேல் நேராகப் படுவதில்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது. உடம்பில் ஊறித்தான் தொண்டைக்கு வந்து சேர வேண்டும். ஆகவே கதவுக்கு வெளியே நின்று ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தால் பாத்ரூம் அவசரம்தான் வரும். செருமவும் கூடாது, செருமினால் நாண்கள் ஒன்றோடொன்று மோதும். நான் பகல் முழுக்கச் செருமிக்கொண்டே இருந்தேன்.

அன்று நீளமான ஒரு நடைவழி. இருபுறமும் நாற்காலிகள். குழந்தைகள் நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மூலையில் மண்டியிட்டுத் தன் மகனுக்கு முன்னால் உதட்டை அசைத்து, கையை வீசிக்கொண்டிருந்தார். நான் அறிவிப்புப் பலகையைப் படிப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

எண்ணைக் கூப்பிட்டார்கள். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். கதவு மூடியது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஏதோ விழுகிற சத்தம். ஒரு சிரிப்பு. பியானோ. அவள் குரல். 32 நொடி போயிருக்கும், நின்றது. யாரோ பேசினார்கள். மறுபடி பியானோ, மறுபடி அவள் குரல், ஆனால் இந்தமுறை கதவில் காதை வைத்தால்தான் கேட்கும் போல அவ்வளவு சன்னமாக. பயந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெளியே வந்தவளிடம், எப்படிப் பாடினாய் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். "எப்படிப் பாடினே?" என்று கேட்டேன்.

ஃபைல் கைநழுவி விழுந்துவிட்டதாம், அவளும் பியானோக்காரரும் சேர்ந்து எடுத்தார்களாம். தொடையில் தட்டிக் காட்டியதும் அவர் தானும் தன் தொடையில் தட்டிக் காட்டினாராம். பாடி முடித்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா ஒருவர், "இப்போ அதையே, பக்கத்து அறையில தூங்கறவங்க எழுந்துடாம, ரகசியமா கேக்கற மாதிரி பாடு" என்றாராம். நாங்கள் இதைப் பழகவே இல்லை. சொன்னதை வாங்கிக்கொண்டு மாற்றுகிறாளா என்று பார்க்க இப்படிக் கேட்பதுண்டு என்று டீச்சர் பிற்பாடு சொன்னார். "நீ என்ன செஞ்சே?" என்றேன். "பாட்டிய பக்கத்துல கூப்பிட்டேன்" என்றாள். கூரைக்கு நீட்டிய விரலோடும் குனிந்த முதுகோடும் அவள் உள்ளே போயிருந்தால் அந்த ரகசியத்தை எப்படிப் பாடியிருப்பாள் என்று நினைத்து எனக்கு வியர்த்தது. வழி முழுக்க அவள் பேசியது, ஆட்டத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணின் ஷூ லேஸ் எப்படி மூன்று முறை அவிழ்ந்தது என்பதைப் பற்றித்தான்.

இரண்டாம் சுற்றுக்கு, கால்பேக் என்கிறார்கள், கூப்பிட்டார்கள். அங்கே பாதி நேரம் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, இடம் மாற்றி, மறுபடி நிறுத்திப் பார்த்தார்களாம். பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. இம்முறை இடமில்லை, வந்ததற்கு நன்றி. காரணம் எழுதவில்லை, எழுதும் வழக்கமும் இல்லை. அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இருந்தாள். நான் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்துக் குழாய் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த லேஸ் பொண்ணுக்குக் கிடைச்சிருக்குமா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "கிடைச்சா அவளுக்கு யாராவது டபுள் முடிச்சு சொல்லிக்கொடுக்கணும்."

ஃபைல் அலமாரியில் இருக்கிறது. இப்போது அதில் நான்கு பாட்டு. மூன்றை அவளே தேர்ந்தெடுத்தாள், ஒன்று நான் சொல்லி டீச்சர் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டது.

போன வாரம் இன்னொரு நாடகத்துக்கு அறிவிப்பு வந்தது. வயது சரி. பாட்டு 32 பார், அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். உயரம் 137-க்குள். அவளைக் கதவுநிலையில் நிறுத்தி, பழைய பென்சில் கோட்டுக்கு மேலே ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 138. இரண்டாம் முறையும் 138. நான் ஒன்றும் சொல்லாமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் முதுகை நிலையிலிருந்து எடுக்காமல், முழங்காலை மட்டும் இத்துனூண்டு மடக்கி, நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இப்போ?"